துண்டுக்கும் பொம்மைக்கும் ஓர் எண்

(இரண்டாமாண்டு, இளம் அறிவியல், வேதியியல்)

மனிதன் மொழி கற்றுக்கொண்டதும் முதலில் செய்த வேலை பொருள்களுக்குப் பெயர் வைத்ததாகத்தான் இருக்க வேண்டும். அடுத்து அவற்றை வகை பிரித்தான். தொல்காப்பியர் ஓரறிவு முதல் ஆறறிவு வரை உயிர்களைப் பிரித்துக் காட்டினார். லின்னேயஸ் செடி கொடிகளையும் விலங்குகளையும் பிரித்தார். மெண்டலீவ் 1869ஆம் ஆண்டில் தனிமங்களை வரிசைப்படுத்தினார். அந்த அட்டவணை நம் வேதியியல் ஆய்வகத்துச் சுவரில் தொங்குகிறது. இவையெல்லாம் அறிவுக்காகச் செய்த பகுப்புகள்.

வயிற்றோடு நேரடியாகத் தொடர்புடைய பகுப்பு ஒன்றும் உலகில் இருக்கிறது. கப்பலில் வந்து இறங்கும் துணி எந்த வகைத் துணி, பொம்மை எந்த வகைப் பொம்மை என்று தீர்மானித்து அதற்குரிய சுங்கத்தைக் கணக்கிடும் பகுப்பு அது. பாடப் புத்தகத்தில் இதைப் பற்றி நாம் படிப்பதில்லை. ஆனால் குற்றாலத்தில் துண்டும் பொம்மையும் விற்கும் ஒருவரின் மகனாகப் பிறந்த காரணத்தால் நான் இதைப் படிக்க நேர்ந்தது. நான் அறிந்துகொண்டதை நம் கல்லூரித் தோழர்களோடும் பேராசிரியப் பெருமக்களோடும் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

சுங்கம் நமக்குப் புதியதன்று

சுங்கம் என்றதும் ஏதோ ஆங்கிலேயன் கொண்டுவந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியன்று. திருவள்ளுவர் அரசனுக்குரிய பொருள்களை எண்ணும்போது 'உல்கு' என்ற சொல்லை ஆள்கிறார். உல்கு என்பதும் சுங்கமே. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலையில், காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் வந்திறங்கும் பொதிகளுக்குச் சோழரின் புலிச் சின்னம் பொறித்து அனுப்பும் காட்சி வருகிறது. முதலாம் குலோத்துங்கனுக்குச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்றே பெயர் நிலைத்தது. வரியை நீக்கியதற்காக ஒரு மன்னன் பெயர் பெற்றான் என்றால், அந்த வரி மக்களை எவ்வளவு அழுத்தியிருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

இன்னும் நெருங்கி வருவோம். தென்காசியிலிருந்து செங்கோட்டைக்கு நாம் பேருந்தில் போகிறோம். ஏறிய களைப்புத் தீருமுன் இறங்கிவிடுகிறோம். 1956 நவம்பர் 1க்கு முன் செங்கோட்டை நம் மாநிலத்தில் இல்லை. இந்தியா விடுதலை பெறும் வரை தென்காசியும் குற்றாலமும் ஆங்கிலேயர் ஆட்சியில். செங்கோட்டை திருவிதாங்கூர் மன்னர் ஆட்சியில். ஒரே மொழி, ஒரே சாரல், ஒரே மலை. ஆனால் இரண்டு அரசுகள். ஆரியங்காவுக் கணவாய் வழியே பொதிமாடுகளும் வண்டிகளும் போய்வந்த அக்காலத்தில் எல்லைச் சுங்கம் அன்றாட விவகாரம். 1865ஆம் ஆண்டில் ஆங்கில அரசும் திருவிதாங்கூரும் கொச்சியும் செய்துகொண்ட உடன்படிக்கைக்குப் பிறகுதான், புகையிலை, உப்பு போன்ற சிலவற்றைத் தவிர மற்றவற்றுக்கு அத்தொல்லை நீங்கியது. பின்னர் வணிகவரிக்கென எல்லையில் சோதனைச் சாவடிகள் வந்தன. 2017 ஜூலை 1இல் ஜி.எஸ்.டி. வந்தபோது அந்த முறையும் போயிற்று. ஆக, 'வண்டியில் என்ன இருக்கிறது?' என்ற கேள்வி நம் மண்ணுக்குப் பழக்கமான கேள்வி.

எங்கள் கடை

குற்றாலத்தில் சாரல் காலம் ஆனி, ஆடி, ஆவணி. அந்த மூன்று மாதமும் பேரருவிக்குப் போகும் வழியில் எங்கள் அப்பா ஒரு கடை போடுவார். கடை என்றால் நான்கு கம்பும் ஒரு தார்ப்பாயும்தான். ஒரு பக்கம் துண்டுகள் தொங்கும். மறுபக்கம் பொம்மைகள் தொங்கும். மாற்றுத் துண்டு எடுக்காமல் வந்தவர்களும், அழுகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களும் எங்களுக்கு வாடிக்கையாளர்கள்.

துண்டுகளில் ஈரிழைத் துண்டுக்குத்தான் மதிப்பு. கடையநல்லூர், புளியங்குடிப் பக்கத்திலிருந்து வரும். மலையாளத்துக்காரர்கள் அதைத் 'தோர்த்து' என்று கேட்பார்கள். வடக்கிலிருந்து வருபவர்கள் 'கம்சா' என்பார்கள். அப்பாவுக்கு மூன்று பெயரும் தெரியும். அவர் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். ஆனால் சரக்கு வந்து இறங்கியதும் ஒரு துண்டின் ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவி, தீக்குச்சியால் கொளுத்திப் பார்ப்பார். காகிதம் எரிவது போல் மணந்து, தொட்டால் உதிரும் சாம்பலானால் பருத்தி. சுருண்டு உருகி, கறுப்பு மணியாக இறுகினால் பாலியஸ்டர். "இழை பொய் சொல்லாதுலே, ஆளுதான் சொல்லுவான்" என்பார். முதலாண்டில் ஆய்வகத்தில் நுழைந்த எனக்குச் சுடர்ச் சோதனை புதிதாகத் தோன்றவில்லை. அதை நான் தார்ப்பாய்க்குக் கீழேயே பார்த்திருந்தேன்.

பொம்மைகளின் கதை வேறு. ஒரு பகுதி அம்பாசமுத்திரத்து மரச்சொப்பு: அரக்கு வண்ணம் பூசிய சின்ன அம்மி, உரல், அடுப்பு, பானை. மறுபகுதி மொத்தக் கடையில் சாக்குக் கணக்கில் எடுக்கும் பிளாஸ்டிக் பொம்மைகள். பெட்டியின் மேல் சீன எழுத்து. அது எந்தத் துறைமுகத்தில் இறங்கியது, என்ன பெயரில் இறங்கியது, எவ்வளவு வரி கட்டியது என்று நாங்கள் யாரும் எண்ணிப் பார்த்ததில்லை.

தூத்துக்குடியில் கற்ற பாடம்

என் தாய்மாமா தூத்துக்குடியில் ஒரு சுங்க முகவர் அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிறார். சென்ற கோடை விடுமுறையில் மூன்று வாரம் அவர் வீட்டில் தங்கி, பகலில் அவருடன் அலுவலகம் போய் வந்தேன். கோப்புகளை அடுக்குவதும் தேநீர் வாங்கி வருவதும் என் வேலை. மற்ற நேரத்தில் அவர் மேசையிலிருந்த தடித்த புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருப்பேன். அதுதான் சுங்கக் கட்டண அட்டவணை. முதல் நாள் மாமா சொன்னார்: "மருமகனே, இது உலகத்துல உள்ள அத்தனை சாமானுக்கும் போட்ட பேரேடு. இதுல இல்லாத சாமான் கடையில இருக்காது."

அது மிகைப்பேச்சன்று. ஒவ்வொரு நாடும் தன் மனம் போனபடி பொருள்களுக்குப் பெயரிட்டுவந்த காலத்தில் வணிகம் பெரும் குழப்பமாக இருந்தது. அதைப் போக்க 1983ஆம் ஆண்டு ஜூன் 14இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் ஓர் உடன்படிக்கை உருவானது. 1988 ஜனவரி 1இல் அது நடைமுறைக்கு வந்தது. 21 பிரிவுகள், 97 அத்தியாயங்கள், ஐயாயிரத்துக்கு மேற்பட்ட வகைகள். ஒவ்வொரு வகைக்கும் ஆறு இலக்க எண். முதல் இரண்டு இலக்கம் அத்தியாயம்; அடுத்த இரண்டு தலைப்பு; அதற்கடுத்த இரண்டு உட்தலைப்பு. இருநூறுக்கு மேற்பட்ட நாடுகளும் ஆட்சிப்பகுதிகளும் இன்று இந்த எண்களைப் பயன்படுத்துகின்றன. நம் நாட்டில் சுங்கக் கட்டணச் சட்டம் 1975ஆம் ஆண்டைச் சேர்ந்தது; 1986இல் அதன் அட்டவணை இந்த முறைக்கு மாற்றப்பட்டது. 2003 முதல் நாம் எட்டு இலக்கம் எழுதுகிறோம்.

நான் முதலில் தேடியது எங்கள் துண்டை. ஐம்பது முதல் அறுபத்து மூன்று வரையுள்ள பதினான்கு அத்தியாயங்கள் துணிக்குரியவை. பட்டு 50, கம்பளி 51, பருத்தி 52 என்று போகிறது. எங்கள் பருத்தித் துண்டு 52இல் இருக்கும் என்று எண்ணினேன். மாமா தலையசைத்தார். 52இல் இருப்பது துணி. துண்டு என்பது உடுத்தவோ துடைக்கவோ ஆயத்தமாகிவிட்ட பொருள். அது 63ஆம் அத்தியாயத்தில் 6302 என்ற தலைப்பில் வருகிறது. பூத்துவாலை என்றால் 6302 60. நம் ஈரிழைத் துண்டு போன்ற மற்றப் பருத்தித் துண்டு என்றால் 6302 91.

தறியிலிருந்து வெட்டாமல் பாவோடு வந்தால் அது துணியா, துண்டா? இதற்கும் விதி இருக்கிறது. தறிக்காரர் ஒரு துண்டு முடிந்ததும் நான்கு விரல் இடத்துக்கு ஊடை போடாமல் பாவை மட்டும் விட்டுவிட்டு அடுத்த துண்டைத் தொடங்குவார். அந்த இடத்தில் வெட்டினால் இரு பக்கமும் குஞ்சம் நிற்கும். இப்படி வெறுமனே வெட்டிப் பிரித்தால் போதும் என்ற நிலையில் நெய்யப்பட்டது, வெட்டாமலே கூட, ஆயத்தப் பொருள்தான் என்கிறது விதி. பிரஸ்ஸல்ஸில் உட்கார்ந்து எழுதியவர்கள் கடையநல்லூர்த் தறியை எட்டிப் பார்த்துவிட்டு எழுதினார்களோ என்று எனக்கு வியப்பாக இருந்தது. தோர்த்து என்றாலும் கம்சா என்றாலும் துண்டு என்றாலும் எண் ஒன்றுதான்.

வேதியியலுக்கு வேலை

துணிக்கு எண் கொடுப்பதில் நம் துறைக்கு நிறைய வேலை இருக்கிறது. சட்டையைப் பார்த்துப் 'பருத்தி' என்று சொல்லிவிட முடியாது. பருத்தியும் பாலியஸ்டரும் கலந்த துணியில் எது எடையில் அதிகமோ அதன் பெயரால் அத்துணி முழுவதும் அழைக்கப்படும். 55 பங்கு பாலியஸ்டர், 45 பங்கு பருத்தி என்றால் அது பாலியஸ்டர்த் துணி. சரிபாதியாக இருந்தால்? எண் வரிசையில் எது பின்னால் வருகிறதோ அது. பருத்தி 52, பாலியஸ்டர் இழை 55; ஆகவே 55 வெல்லும்.

எவ்வளவு கலப்பு என்று காண, எடை போட்ட மாதிரித் துணியை 75 விழுக்காடு கந்தக அமிலத்தில் இட்டு 50 டிகிரி செல்சியசில் ஒரு மணி நேரம் வைப்பார்கள். பருத்தி கரைந்துபோகும், பாலியஸ்டர் அப்படியே நிற்கும். மீந்ததைக் கழுவி, உலர்த்தி, எடை போட வேண்டும். ஒரு கிராம் துணியில் 0.56 கிராம் மிஞ்சினால் 56 விழுக்காடு பாலியஸ்டர். இது நாம் செய்யும் எடையறி பகுப்பாய்வேதான். சுங்கத் துறைக்கு இதற்கென்றே ஆய்வகங்கள் இருக்கின்றன.

எடையும் பெயரை மாற்றும். 85 விழுக்காடும் அதற்கு மேலும் பருத்தி உள்ள துணி, ஒரு சதுர மீட்டர் 200 கிராம் வரை இருந்தால் 5208. அதற்கு மேல் கனத்தால் 5209. 100 சதுர சென்டிமீட்டர் அளவுக்கு வட்டமாக வெட்டி, எடை போட்டு, நூறால் பெருக்கினால் தெரிந்துவிடும். நம் நாட்டு அட்டவணையில் அந்த 5208 என்ற தலைப்பின் கீழ் லுங்கி, வேட்டி, சேலை ஆகியவை பெயரோடு நிற்கின்றன. சாயம் ஓடும் 'மெட்ராஸ்' கட்டம் போட்ட துணியும் அங்கே இருக்கிறது. துவைத்தால் சாயம் போகிறதென்று நம் வீட்டில் சண்டை பிடிப்போம். அமெரிக்கர்கள் ஒரு காலத்தில் அந்தச் சாயம் ஓடுவதற்காகவே அதை விரும்பி வாங்கினார்கள்.

உடை என்று வந்துவிட்டால் இன்னும் வேடிக்கை. ஒரு சட்டை ஆணுடையதா, பெண்ணுடையதா? முன்பக்கம் மூடும்போது இடப்புறம் வலப்புறத்தின் மேல் வந்தால் ஆண் உடை. வலப்புறம் இடப்புறத்தின் மேல் வந்தால் பெண் உடை. தைத்த விதம் வேறு விதமாகத் தெளிவாகக் காட்டினால் ஒழிய இதுவே விதி. வாசகர்கள் குனிந்து தங்கள் பொத்தானைப் பார்ப்பது எனக்குத் தெரிகிறது! 86 சென்டிமீட்டருக்கு மேற்படாத உயரமுள்ள குழந்தைகளின் உடை தனி. பள்ளி ஆண்டு விழாவில் பாரதியார் வேடத்துக்குப் போடும் கோட்டும் தலைப்பாகையும் விளையாட்டுப் பொருளாகா. துணியால் ஆன மாறுவேட உடை உடையே.

இத்தனை நுணுக்கம் எதற்கு என்று கேட்கலாம். சில துணிகளுக்கு நம் நாட்டில் வரி, மதிப்பில் இத்தனை விழுக்காடு அல்லது சதுர மீட்டருக்கு இத்தனை ரூபாய், இரண்டில் எது அதிகமோ அது என்று இருக்கிறது. எண் ஒன்று தவறினால் கணக்கே மாறிவிடும். 2011 முதல் இறக்குமதி செய்பவரே தம் பொருளுக்குரிய எண்ணைக் கண்டு, தாமே வரியைக் கணக்கிட்டு எழுத வேண்டும். 2020ஆம் ஆண்டு முதல் முகம் பாராத மதிப்பீட்டு முறை வந்துவிட்டது. தூத்துக்குடியில் இறங்கும் சரக்கின் தாள்களை வேறொரு நகரத்தில் இருக்கும் அதிகாரி கணினியில் பார்த்து முடிவு செய்யலாம். அவர் கண்ணுக்கு முன் பொருள் இல்லை. எழுத்து மட்டுமே இருக்கிறது. "அதனாலதான் மருமகனே, எழுதுறவன் கையில நேர்மை வேணும்" என்றார் மாமா.

பொம்மை மனிதனா?

பொம்மைகள் 95ஆம் அத்தியாயத்தில் 9503. மரமாயினும் மண்ணாயினும் பிளாஸ்டிக்காயினும் குழந்தை விளையாடவென்று செய்தது இங்கேதான் வரும். அம்பாசமுத்திரத்து மர உரல், மரத்தால் ஆனதென்று மரச்சாமான் அத்தியாயத்துக்குப் போகாது. குழந்தை ஏறி மிதிக்கும் மூன்று சக்கர வண்டி விளையாட்டுப் பொருள். அதே குழந்தை ஓட்டும் இரண்டு சக்கரச் சைக்கிள் வாகனங்களின் அத்தியாயத்தில் 8712.

2007ஆம் ஆண்டுக்கு முன் இந்த அத்தியாயத்தில் ஒரு பிரிவினை இருந்தது. மனித உருவைக் காட்டும் பொம்மைகள் 9502. விலங்கு, பேய், எந்திர மனிதன் முதலிய மற்றவை 9503. அமெரிக்காவில் முன்னதற்கு 12 விழுக்காடு வரி, பின்னதற்கு 6.8 விழுக்காடு. 'டாய் பிஸ்' என்ற நிறுவனம் 'எக்ஸ்-மென்' கதைகளில் வரும் வீரர்களின் பொம்மைகளை இறக்குமதி செய்தது. இவை மனித உருக்கள், 12 கட்டு என்றது அரசு. இவர்கள் மனிதர்களே அல்லர், 6.8தான் என்றது நிறுவனம். வழக்கு அமெரிக்காவின் பன்னாட்டு வணிக நீதிமன்றத்துக்குப் போயிற்று. நகம், இறக்கை, வால் எல்லாம் நீதிபதியின் முன் ஆராயப்பட்டன. 2003ஆம் ஆண்டில் தீர்ப்பு வந்தது: இவை மனிதரைக் குறிப்பவை அல்ல. நிறுவனம் வென்றது. அந்தக் கதைகளில் அவ்வீரர்கள் தங்களையும் மனிதர்களாக ஏற்கும்படி உலகத்தோடு போராடுகிறார்கள். அவர்களின் பொம்மையை விற்கும் நிறுவனமே அவர்கள் மனிதர்கள் அல்லர் என்று வாதாடி வென்றது. 2007இல் இரண்டு தலைப்பும் ஒன்றாயின. இனி அந்த வழக்குக்கு இடமில்லை.

அதே நீதிமன்றத்தில் 2017ஆம் ஆண்டில் ஒரு போர்வை வழக்கு நடந்தது. 'ஸ்னக்கி' என்பது கை நுழைக்க இரண்டு சட்டைக்கை வைத்த போர்வை. கை இருப்பதால் உடை, 14.9 விழுக்காடு என்றது அரசு. போர்த்திக்கொள்ளத்தானே செய்தோம், போர்வை, 8.5 விழுக்காடு என்றது நிறுவனம். நீதிமன்றம் போர்வை என்றது. மார்கழிக் குளிரில் அருவிக்கரையில் போர்வைக்குள் இருந்து கையை மட்டும் நீட்டிச் சில்லறை வாங்கும் எங்கள் அப்பாவுக்கு இவ்வழக்கைச் சொன்னேன். "இதுக்கு எதுக்குக் கோர்ட்டு?" என்றார்.

சாக்கு மூட்டை சொன்ன செய்தி

சிரிக்க வைக்கும் இந்த எண்கள்தாம் எங்கள் வீட்டில் அழவும் வைத்தன. 2020 பிப்ரவரியில் நம் அரசு 9503க்கான இறக்குமதி வரியை 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆக்கியது. 2023 பிப்ரவரியில் அது 70 ஆயிற்று. 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான பொம்மைகளில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும் என்ற ஆணை 2021 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

2019 சாரலில் விற்றது போக மீந்த பிளாஸ்டிக் பொம்மைகள் இரண்டு சாக்கு எங்கள் வீட்டுப் பரணில் இருந்தன. 2020இல் கொரோனா வந்து அருவியை மூடினார்கள். 2021 சாரலும் அப்படியே போயிற்று. மறுபடி கூட்டம் வரத் தொடங்கியபோது முத்திரை இல்லாத பொம்மையை விற்கக் கூடாது. மொத்தக் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. பலர் விற்கத்தான் செய்தார்கள். அப்பா விற்கவில்லை. "ஈயம் இருக்குங்கானே, புள்ள வாயில வச்சா என்ன ஆகும்?" என்று மட்டும் கேட்டார். அந்தச் சாக்குகளுக்காக வாங்கிய கடனை இரண்டாண்டு கட்டினோம்.

அப்பாவின் அச்சம் நியாயமானதென்று இப்போது எனக்குத் தெரிகிறது. பொம்மையிலிருந்து கசியும் ஈயம் கிலோவுக்கு 90 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது தர அளவு. குழந்தை வயிற்றின் அமிலத்தை ஒத்த நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்து அதைச் சோதிக்கிறார்கள். மேலே பூசிய பளபளப்பைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது.

நாட்டுக்கு என்ன ஆயிற்று? அரசு தந்த கணக்கின்படி, 2018-19இல் 37.1 கோடி டாலராக இருந்த பொம்மை இறக்குமதி 2021-22இல் 11 கோடி டாலராகக் குறைந்தது, ஏற்றுமதி 20.2 கோடியிலிருந்து 32.6 கோடியாக உயர்ந்தது. இடையில் கொரோனா இருந்ததையும் மறக்கக் கூடாது. பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்து விற்கும் பொம்மைகளுக்கு முத்திரை ஆணையிலிருந்து விலக்கு உண்டு. அதனால் எங்கள் கடையில் இப்போது பாதிக்கு மேல் மரச்சொப்புத்தான். கடைசல் பிடிப்பவருக்கு வேலை கிடைத்தது; எங்களுக்குக் கடன் கிடைத்தது. ஒரே எண், ஒருவர் அடுப்பில் பானை ஏற்றி மற்றவர் அடுப்பில் இறக்கிவிட்டது. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதுதான் நியாயம் என்று எனக்குத் தோன்றுகிறது.

மனிதனுக்கு எந்த எண்?

இதை எழுதத் தூண்டிய காரணத்தை இனிச் சொல்கிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். சேர்க்கைப் படிவத்தில் 'தந்தையின் தொழில்' என்று ஒரு கட்டம் இருந்தது. அப்பா சாரலில் மூன்று மாதம் கடை போடுகிறார். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் நீராட வரும்போது மீண்டும் சில வாரம் போடுகிறார். மற்ற மாதங்களில் செங்கல் சூளையிலும் வயலிலும் கூலி வேலை. உள்வாடகையும் வட்டியும் போகக் கடையில் நிற்பது அந்தக் கூலியை விடக் குறைவு. அவர் வியாபாரியா, கூலியா?

வருமானச் சான்றுக்காகப் போன ஓர் அலுவலகத்தில், அப்பாவின் சட்டைப் பையில் இருந்த கடை வாடகைச் சீட்டைப் பார்த்துவிட்டு 'வியாபாரம்' என்று எழுதிவிட்டார்கள். வியாபாரி என்று எழுதியதும் கேள்விகள் பெருகின. கணக்கு எங்கே, பதிவு எங்கே? உதவித்தொகை அந்தப் பருவம் வரவில்லை. தேர்வுக் கட்டணத்துக்கு அம்மாவின் கம்மல் அடகுக்குப் போயிற்று. இறுதியில் ஒருவர் நேரில் வந்தார். எங்கள் வீட்டையும் பரணையும் பார்த்தார். அப்பாவின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். 'கூலி' என்று எழுதிக் கையெழுத்திட்டார். ஆறு வாரத்தில் பணம் வந்தது.

சுங்க அட்டவணையில் ஒரு விதி இருக்கிறது. பல பொருள்கள் கலந்த ஒன்றை வகைப்படுத்தும்போது, அதற்கு உயிர்த்தன்மை தருவது எது என்று பார்க்க வேண்டும். எடை, மதிப்பு, பயன் ஆகியவற்றை ஆராய்ந்து அதைக் காண வேண்டும். ஒரு கெஜம் துணிக்கு இவ்வளவு மரியாதை தருகிறது சட்டம். இழையை எரித்துப் பார்க்கிறது. அமிலத்தில் கரைத்துப் பார்க்கிறது. பிடிக்காவிட்டால் மேல்முறையீடு செய்யவும் வழி தருகிறது. மனிதனைக் கட்டத்தில் அடைக்கும்போது அதே பொறுமையைக் காட்ட வேண்டாமா? கை திருப்பிப் பார்த்த அந்தப் பெயர் தெரியாத மனிதர் காட்டினார். அவரை நான் மறக்க மாட்டேன்.

தோழர்களே! நம்மில் பலர் நாளை அரசுப் பணிக்குப் போவோம். தேர்வாணையத் தேர்வுக்குப் படிக்கும் நண்பர்கள் நம் விடுதியில் நிறைய இருக்கிறார்கள். நம் முன்னும் படிவங்கள் வரும், கட்டங்கள் வரும். கட்டம் இல்லாமல் அரசு நடக்காது. பெயரில்லாத பொருளுக்கு வரியும் இல்லை, சலுகையும் இல்லை. ஆகவே கட்டத்தை வெறுப்பதில் பயனில்லை. ஆனால் பேனாவைத் திறப்பதற்கு முன் பொருளைப் பார்ப்போம். இழையை உருவிப் பார்ப்போம். எடை போட்டுப் பார்ப்போம். எதிரே நிற்பவரை ஒரு வார்த்தை கேட்போம். அப்படிப் பார்த்து எழுதும் ஒரு சொல் ஒரு வீட்டுக் கம்மலைக் காக்கும்.

முதுகலை வேதியியல் முடித்துச் சுங்கத் துறை ஆய்வகம் ஒன்றில் சேர வேண்டும் என்பது என் ஆசை. அப்பாவிடம் சொன்னேன். "துணியை எரிச்சுப் பார்க்கச் சம்பளமா!" என்று வியந்தார். சம்பளம் துணியை எரிப்பதற்கு மட்டுமன்று. எரித்தபின் உள்ளதை உள்ளபடி எழுதுவதற்கும் சேர்த்துத்தான் என்று சொன்னேன். அவர் ஒப்புக்கொண்டார்.